வானொலிப் பெட்டியின் சிறு விளக்கு

பழைய வால்வு வானொலியின் குமிழைத் திருகியவுடன் பாட்டு வருவதில்லை. முதலில் வருவது வெளிச்சம். வால்வுகளின் உள்ளே இருக்கும் வெப்பிழை சூடேறி, எலெக்ட்ரான்களை உமிழத் தொடங்குவதற்கு அரை நிமிடம் வரை பிடிக்கும். அதுவரை பெட்டி ஊமையாக இருக்கும். ஆனால் டயல் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள சிறு பல்பு மட்டும் கணப்பொழுதில் எரிந்து, அலை எண்களையும் நகரப் பெயர்களையும் மஞ்சள் ஒளியில் காட்டிவிடும். தெருவில் கரண்டு இருக்கிறதா, பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று வீட்டார் தெரிந்துகொண்டது அந்த ஒளியைப் பார்த்துத்தான்.

இந்தப் பல்பை அலங்காரப் பொருள் என்று எண்ணுவோர் பலர். அது எரிந்து போனாலும் பாட்டு கேட்கிறதே, பிறகென்ன என்பார்கள். சில பெட்டிகளைப் பொறுத்தவரை அது சரி. வேறு சில பெட்டிகளிலோ, எரிந்து போன டயல் பல்பை மாற்றாமல் விட்டால், சில நாட்களில் விலை உயர்ந்த வால்வு ஒன்றும் அதன் பின்னே போய்விடும். இன்று பழைய வானொலிகளையும், 1970களில் வந்த ஸ்டீரியோப் பெட்டிகளையும் தேடி வாங்கிச் சீர்செய்யும் வழக்கம் பெருகி வருகிறது. அவற்றில் பெரும்பாலும் முதலில் மாற்றப்படும் உறுப்பு இந்தப் பல்பே. எந்தப் பல்பை எந்த இடத்தில் போடுவது என்பதற்கு விடை, அந்தப் பெட்டிக்கு மின்சாரம் எங்கிருந்து எப்படி வந்தது என்பதில் இருக்கிறது. ஆகவே இச்சிறு விளக்கின் வரலாற்றைத் தஞ்சைத் தரணியின் பின்னணியில் வைத்துப் பார்ப்போம்.

காவிரி தந்த கரண்டு

தமிழகத்தில் ஒலிபரப்பு, சென்னை மாகாண வானொலிக் கழகம் என்ற ஆர்வலர் சங்கத்தால் 1924ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியவர் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார். பணமுடையால் அது நின்றபின், 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாளிலும், திருச்சி நிலையம் 1939 மே 16ஆம் நாளிலும் திறக்கப்பட்டன. தஞ்சைக்காரர்களுக்கு ‘நம்ம நிலையம்’ என்றால் அது திருச்சிதான்.

ஒலி வந்துவிட்டது; அதைக் கேட்கும் பெட்டிக்கு மின்சாரம் வேண்டுமே. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் அடியில் 1937ஆம் ஆண்டு நீர்மின் நிலையம் இயங்கலாயிற்று. பாசனத்துக்கென்று திறந்துவிடப்படும் நீரே அங்கே சுழலிகளைச் சுழற்றிவிட்டுக் கீழே இறங்குகிறது. அந்த மின்சாரம் கம்பி வழியாகத் திருச்சி, தஞ்சைப் பகுதிகளை எட்டியது. காவிரி நீர் கல்லணையைக் கடந்து, அரசலாறு, வெண்ணாறு, வெட்டாறு எனப் பிரிந்து வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள், அதே நீர் பிறப்பித்த மின்சாரம் கும்பகோணத்து மாடி வீட்டில் ஒரு டயல் பல்பை எரித்திருக்கும். மின்சாரம் நீரைவிட வேகமான வாய்க்கால்!

என்றாலும் அந்த வாய்க்கால் அன்று எல்லா ஊருக்கும் பாயவில்லை. நகரங்களுக்கும் பெரிய ஊர்களுக்கும் முதலில் கிடைத்தது. 1957 ஜூலையில் சென்னை மாநில மின்வாரியம் அமைக்கப்பட்ட பிறகே கிராம மின்னேற்றம் விரைவு பெற்றது. அதுவரை உள்ளூர்க் கிராமங்களில் வானொலி வைத்திருந்தவர்கள் மின்கலப் பெட்டியைத்தான் நம்பி இருந்தார்கள்.

விளக்கு இல்லாப் பெட்டி

மின்கலத்தில் ஓடும் வால்வு வானொலியை யாரேனும் வைத்திருந்தால் அதன் டயலைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் பல்பு இருக்காது. தயாரித்தவர்கள் சிக்கனம் பார்த்ததால் விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கணக்கு அப்படி.

1950களில் வந்த மின்கல வால்வுகளின் இழைக்கு 1.4 வோல்ட் போதும். நான்கு வால்வுகளுள்ள ஒரு பெட்டியில் மூன்று வால்வுகள் 25 மில்லி ஆம்பியர் வீதமும், ஒலிபெருக்கியை இயக்கும் கடைசி வால்வு 50 மில்லி ஆம்பியரும் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 125 மில்லி ஆம்பியர். அதாவது இழைகள் அனைத்துக்கும் சேர்த்து 0.175 வாட்டு. இதனுடன் 90 வோல்ட் மின்கலத்திலிருந்து எடுக்கும் ஆற்றலையும் கூட்டினால் ஏறக்குறைய 1 வாட்டு வரும். மின்சாரப் பெட்டிகளில் வழக்கமாகப் போடும் டயல் பல்போ 6.3 வோல்ட், 0.3 ஆம்பியர், தனியொரு பல்புக்கே 1.9 வாட்டு. பாட்டு, பேச்சு, செய்தி எல்லாம் தரும் முழுப் பெட்டியை விட அதன் முகத்தை ஒளிரச் செய்யும் பல்பு இருமடங்கு தின்கிறது! பட்டணத்துக்குப் போய்ப் பெரும் விலை கொடுத்து வாங்கிவந்த மின்கலத்தை இப்படிச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? ஆகவே சில பெட்டிகளில் பொத்தானை அழுத்தும்போது மட்டும் எரியும் விளக்கு வைத்தார்கள். மற்றவற்றில் அதுவும் இல்லை. இராந்தல் வெளிச்சத்திலேயே முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள்.

இத்தகைய பெட்டியை இன்று சீர்செய்யும் ஆர்வலர் சிலர், ‘டயல் இருட்டாக இருக்கிறதே’ என்று புதிதாக ஒரு பல்பைப் பொருத்திவிடுகிறார்கள். அது சீர்செய்தல் ஆகாது. இருட்டாக இருப்பதே அந்தப் பெட்டியின் இயல்பு.

கண்ணாடி மணியின் நிறம்

மின்சாரப் பெட்டியின் டயல் பல்பு பார்வைக்கு டார்ச் பல்பைப் போன்றது. ஆனால் டார்ச் பல்பு சில மணி நேரம் பளிச்சென எரிந்தால் போதும். டயல் பல்போ மாலை முழுவதும், ஆண்டுக்கணக்கில் எரிய வேண்டும். ஆகவே அதன் டங்ஸ்டன் இழையைச் சற்றுக் குறைந்த வெப்பநிலையில், ஏறத்தாழ 2200 முதல் 2500 கெல்வின் வரையில், எரியுமாறு அமைக்கிறார்கள். ஒளி மஞ்சளாக இருப்பதும், ஆயுள் நீள்வதும் இதனாலேயே.

ஒரே அளவுள்ள இரு பல்புகளில் ஒன்று 0.15 ஆம்பியரும் மற்றொன்று 0.25 ஆம்பியரும் எடுப்பதாக இருக்கலாம். எப்படி வேறுபடுத்துவது? பல்புக்குள் இழையைத் தாங்கும் இரு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தபடி ஒரு சிறு கண்ணாடி மணி இருக்கும். அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் அதன் நிறத்தையே அடையாளமாக வைத்தார்கள். 6.3 வோல்ட் பல்புகளில் பழுப்பு மணி என்றால் 0.15 ஆம்பியர், நீல மணி என்றால் 0.25 ஆம்பியர். திருகு மறை உள்ள 40ஆம் எண் பல்பும், இரு முளைகளால் அழுத்திப் பூட்டும் 47ஆம் எண் பல்பும் பழுப்பு மணிக் குடும்பம். 46, 44 ஆகியவை முறையே அவற்றின் நீலமணிச் சகோதரர்கள். பித்தளைத் தொப்பியில் எழுத்து அழிந்து போனாலும் மணியின் நிறம் மாறாது. உருப்பெருக்குக் கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் பழைய பல்பின் குலம் கோத்திரத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

மின்மாற்றி வைத்த பெட்டிகளில் இந்த வேறுபாட்டால் பெரிய தீங்கு வராது. மின்மாற்றியின் 6.3 வோல்ட் சுற்றிலிருந்து வால்வுகளின் வெப்பிழைகளுக்கும் டயல் பல்புக்கும் பக்க இணைப்பாகக் கரண்டு போகிறது. ஒன்று எரிந்து போனாலும் மற்றவை தம் பாட்டுக்கு வேலை செய்யும். பல்பின் பிடி தளர்ந்தால் மட்டும் வேடிக்கையான தொல்லை ஒன்று உண்டு. பல்பு மினுக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் ‘கரகர’வென்று சத்தம் எழும். வால்வைச் சந்தேகித்து, கண்டென்சரைச் சந்தேகித்து, கடைசியில் பல்பைத் திருகி இறுக்கியதும் அடங்கிவிடும். இந்தப் பழுதில் அகப்பட்டு அரைநாள் இழக்காத ரேடியோ மெக்கானிக் இருக்க மாட்டார்.

மின்மாற்றி இல்லாத பெட்டியில்தான் கதை மாறுகிறது.

சங்கிலியில் ஒரு கண்ணி

அக்காலத்தில் இந்திய நகரங்கள் பலவற்றில் நேர்மின்னோட்டமும் வழக்கில் இருந்தது. மின்மாற்றி நேர்மின்னோட்டத்தில் வேலை செய்யாது. எனவே இரண்டு வகை மின்னோட்டத்திலும் ஓடக்கூடிய பெட்டிகளைச் செய்தார்கள். இவற்றில் மின்மாற்றி கிடையாது. விலையும் குறைவு, கனமும் குறைவு. வால்வுகளின் வெப்பிழைகள் எல்லாவற்றையும் மாலை கோப்பது போல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்து, மாலையின் இரு முனைகளையும், தேவையான தடை ஒன்றையும் சேர்த்து, நேரே மின்கம்பியில் இணைத்துவிடுவார்கள். ஐரோப்பிய வால்வுகளில் ஒரு குடும்பம் 100 மில்லி ஆம்பியரிலும், அமெரிக்க வால்வுகளில் ஒரு குடும்பம் 150 மில்லி ஆம்பியரிலும் இயங்குமாறு இதற்கெனவே உருவாயின.

இந்த மாலையில் டயல் பல்பும் ஒரு மலர். 35இசட்5 என்ற அமெரிக்கத் திருத்தி வால்வின் அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 35 வோல்ட் வெப்பிழையில் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியே பிரித்து, அதற்கு இணையாகப் பழுப்பு மணிப் பல்பைப் போடுவார்கள். வெப்பிழை மின்னோட்டமும், பெட்டி முழுமைக்கும் வேண்டிய உயர் அழுத்த மின்னோட்டமும் அந்தச் சிறு பகுதியும் பல்புமாகப் பங்கிட்டுக்கொண்டு செல்லும். பல்பு எரிந்து போனால் என்ன ஆகும்? பாரம் முழுவதும் அந்தச் சிறு பகுதியின் தலையில் விழும். அது அளவுக்கு மீறிச் சூடேறி, இன்றோ நாளையோ அறுந்துபோகும். மாலை அறுந்தால் எல்லா மலரும் உதிரும், பெட்டி ஊமையாகும். சில அணா விலையுள்ள பல்பை மாற்றாததற்குத் தண்டனை ஒரு வால்வு.

ஐரோப்பிய அமைப்பில் பல்பு மாலையிலேயே இருக்கும். அதற்கு இணையாக ஒரு தடையை வைப்பார்கள். அங்கே வேறொரு சங்கடம். குளிர்ந்திருக்கும் இழையின் தடை, சூடான இழையின் தடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். குமிழைத் திருகிய நொடியில் வால்வுகளின் பருத்த வெப்பிழைகள் குளிர்ந்து கிடக்கின்றன, பெருமின்னோட்டம் பாய்கிறது. பல்பின் மெல்லிய இழை உடனே சூடேறிவிடுவதால் அதன் தலையில் அளவுக்கு மீறிய அழுத்தம் விழும். ‘பளிச்’ என்று ஒரு மின்னல். பிறகு மெல்ல மங்கி நிலைபெறும். இந்தத் திடீர் வெள்ளத்தைத் தடுக்க, குளிர்ச்சியில் அதிகத் தடையும் சூட்டில் குறைந்த தடையும் காட்டும் வெப்பத்தடை ஒன்றையும் மாலையில் கோப்பதுண்டு. பழைய பெட்டியில் இது பழுதாகியிருந்தால், எத்தனை பல்பு மாற்றினாலும் போய்க்கொண்டே இருக்கும். பல்பு நோய் அல்ல, நோயின் அறிகுறி.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை மிக அவசியம். மின்மாற்றி இல்லாத பெட்டியின் இரும்பு அடித்தட்டு மின்கம்பியுடன் நேரே இணைந்தது. டயல் பல்பின் பிடியும் அப்படியே. செருகியை எப்படிச் செருகினோம் என்பதைப் பொறுத்து அதில் முழு 230 வோல்டும் இருக்கக் கூடும். ‘சின்ன பல்புதானே’ என்று கரண்டோடு கைவைப்பது உயிருக்கு உலை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, சற்று நேரம் கழித்தே கை வைக்க வேண்டும்.

மாலை மங்கலும் நள்ளிரவுப் பெருக்கும்

டயல் பல்பின் ஆயுள் தயாரிப்பவர் கையில் மட்டும் இல்லை. ஊர் மின்சாரத்தின் கையிலும் இருக்கிறது. இழை விளக்குகளின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ மூன்றரை மடிப் பெருக்கத்தை ஒட்டி மாறும். ஆயுளோ ஏறத்தாழ பன்னிரண்டாம் மடியில் எதிர்த்திசையில் மாறும். அழுத்தம் 10 விழுக்காடு கூடினால் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகும். 10 விழுக்காடு குறைந்தால் மூன்றரை மடங்காகும். இத்தனை கூர்மையாக மாறும் பொருள் வீட்டில் வேறு ஏது?

காவிரிப் படுகையில் 1960களுக்குப் பின் குழாய்க் கிணறுகளும் மோட்டார்களும் பெருகின. ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமானால் குறுவை நாற்றங்காலைக் காப்பது அவைதாம். மோட்டார்கள் எல்லாம் ஓடும் வேளையில், நீண்ட கம்பியின் கடைசியில் உள்ள வீட்டுக்கு அழுத்தம் குறைவது இயற்கை. 220 வோல்டுக்கு அமைத்த வானொலிக்கு 180 வோல்ட் வருகிறது என்று கொள்வோம். டயல் ஒளி பாதியாகிவிடும், ஒலியும் சோரும். பல பெட்டிகளின் பின்புறம் 110 முதல் 245 வரை எண்கள் எழுதிய அழுத்தத் தேர்வுக் கட்டை ஒன்று இருக்கும். வீட்டில் கைத்திறன் உள்ள ஒருவர் அதை 190-க்கு மாற்றிவிடுவார். உடனே டயல் ஒளிரும், பாட்டு கணீரென்று கேட்கும். நள்ளிரவில் மோட்டார்கள் நிற்கும். அழுத்தம் 240-க்கு ஏறும். இப்போது பெட்டிக்கு 26 விழுக்காடு அதிகம். கணக்குப்படி பல்பின் ஆயுள் பதினாறில் ஒரு பங்கு. ஆயிரம் மணி நேரம் எரிய வேண்டியது அறுபது மணி நேரத்தில் முடியும். ‘இந்தக் காலத்துப் பல்பே மோசம்’ என்று கடைக்காரர் மேல் பழி வந்து சேரும். மாலையில் மாற்றிய கட்டையை இரவில் திரும்ப மாற்ற யாருக்கு நினைவு வரும்!

இதே டயலில் சில உயர்ந்த பெட்டிகளுக்குப் பச்சை ஒளி ஒன்றும் இருந்தது. ‘மேஜிக் ஐ’ என்று எல்லோரும் சொன்ன மாயக் கண் அது. நிலையம் சரியாகச் சிக்கியதும் பச்சை விசிறி மூடிக்கொள்ளும். ஆலன் டூமாண்ட் என்ற அமெரிக்கர் ஆக்கிய இது 1935இல் விற்பனைக்கு வந்தது. இது பல்பு அல்ல, வால்வு; எலெக்ட்ரான்கள் ஒளிர்பூச்சின் மீது மோதி ஒளி உண்டாக்குகின்றன. பூச்சு காலப்போக்கில் சோர்ந்து மங்கும். அதற்குச் சிகிச்சை இல்லை. வேறு வால்வு போடுவதே வழி.

விளக்கின்றிப் பரவிய நெல்

அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டம், தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று, ஆண்டு 1960. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்ற குட்டைக்காலப் பயிர் வெளிவந்தது. இந்திய இனத்தையும் ஜப்பானிய இனத்தையும் கலந்து உண்டாக்கிய இது குறுவைக்கு ஏற்றது. 1966இல் திருச்சி வானொலியில் உழவர்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கி, விதை நேர்த்தி, நாற்றின் வயது, உரத்தின் அளவு என்று நாள்தோறும் எடுத்துச் சொல்லிற்று. கேட்ட உழவர்கள் அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பயிருக்கு அதை அறிவித்த கருவியின் பெயர் அமைந்தது வேளாண் வரலாற்றிலேயே அரிது.

இந்த ஒலிபரப்பை வீட்டுக் கூடத்தில் டயல் ஒளிரும் மின்சாரப் பெட்டியில் கேட்டவர் உண்டு. ஊராட்சிப் பொது வானொலியில் கேட்டவர் உண்டு. ஆனால் களத்துமேட்டுக்கும் வரப்புக்கும் வானொலியைக் கொண்டுபோனது டிரான்சிஸ்டர். 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்து, 1954இல் அமெரிக்காவில் கையடக்க வானொலியாக வந்த இது, 1960களில் இந்தியச் சந்தையை எட்டியது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஜெர்மேனிய டிரான்சிஸ்டர்களை உற்பத்தி செய்தது.

டிரான்சிஸ்டருக்கு வெப்பிழை இல்லை. குமிழைத் திருகியதும் ஒலி. பின் முன்னறிவிப்பு விளக்கு எதற்கு? தவிரவும் பழைய கணக்கே மறுபடி தலைகாட்டியது. நான்கு பேட்டரிக் கட்டைகளில் ஓடும் பெட்டி, சாதாரண ஒலியில் 20, 30 மில்லி ஆம்பியர் எடுக்கும். 50 மில்லி ஆம்பியர் பல்பு ஒன்றை வைத்தால் கட்டைகளின் பெரும்பங்கு வெளிச்சத்துக்கே போகும். ஆகவே மீண்டும் விளக்கு மறைந்தது. தஞ்சை மண்ணின் விளைச்சலை மாற்றிய செய்தியில் கணிசமான பங்கு, விளக்கே இல்லாத பெட்டிகள் வழியாகத்தான் வந்தது என்று நான் கருதுகிறேன். கூடத்து வானொலியின் பொன்னொளியை நினைந்து உருகுவோர் இதையும் நினைவில் வைப்பது நல்லது.

எரியாத செவ்விளக்கு

போன விளக்கு மொத்தமாகத் திரும்பி வந்தது ஸ்டீரியோப் பெட்டிகளோடு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970களின் தொடக்கம் வரை ‘ரஜூலா’வும், பின்னர் 1985இல் தீவிபத்துக்கு உள்ளாகும் வரை ‘சிதம்பரம்’ கப்பலும் சென்று வந்தன. நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், ‘சின்ன சிங்கப்பூர்’ என்றே பெயர் பெற்ற கூத்தாநல்லூர் முதலிய ஊர்களில் கடல் கடந்த தொடர்பு இல்லாத தெரு அரிது. பின்னர் வளைகுடா நாடுகளின் வழியும் திறந்தது. ஊர் திரும்புவோர் கொண்டுவந்த பொருள்களில் ஜப்பானிய ஒலிக்கருவிகள் பெருமைக்குரியவை.

அவற்றின் முகப்பைப் பார்த்தால் தேர்த்திருவிழா போல் இருக்கும். நீண்ட டயலுக்கு நாலைந்து பல்புகள்; அலையின் வலிமையைக் காட்டும் அளவுமானிகளுக்குத் தனித்தனிப் பல்பு; இசைத்தட்டா, நாடாவா, வானொலியா என்று காட்ட நெல்மணி அளவே உள்ள சிறு பல்புகள்; நகரும் முள்ளிலேயே ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக ‘ஸ்டீரியோ’ என்ற எழுத்தின் பின்னே ஒரு செவ்விளக்கு.

இந்தச் செவ்விளக்கு மற்றவற்றைப் போன்றதன்று. 1961இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட ஸ்டீரியோ பண்பலை முறையில், இடம், வலம் இரண்டின் கூட்டொலி வழக்கம்போல் செல்லும். இரண்டின் வேறுபாடு 38 கிலோஹெர்ட்சு துணை அலையில் ஏறிச் செல்லும். அதைப் பிரித்தெடுக்க உதவியாக 19 கிலோஹெர்ட்சில் ஒரு வழிகாட்டி ஒலியையும் நிலையம் அனுப்பும். நம் காதுக்கு அது எட்டாது. பெட்டி இந்த வழிகாட்டியை உணர்ந்தால் மட்டுமே செவ்விளக்கு எரியும். கரண்டு இருக்கிறது என்பதற்கு அடையாளமாகத் தொடங்கிய விளக்கு, இங்கே வானில் வரும் அலையின் இயல்பையே சொல்லும் கருவியாக உயர்ந்துவிட்டது.

இந்தியாவில் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் 1977 ஜூலை 23ஆம் நாள் தொடங்கியது. மற்ற ஊர்களுக்கு அது பரவலானது 1990களில். தஞ்சைப் பக்கத்துக் கூடங்களில் அதுவரை அந்தச் செவ்விளக்கு எரியக் காரணமே இல்லை. நாடா போட்டால் பாட்டு ஸ்டீரியோவில்தான் வரும்; ஆனால் விளக்கு வானொலிக்கு மட்டும் உரியது. ‘எல்லா விளக்கும் எரிகிறது, இது மட்டும் ஏன் எரியவில்லை’ என்று பெட்டியைப் பழுதுக் கடைக்குத் தூக்கிப்போனால், அங்கும் பல்பில் குறை காண முடியாது.

பல்பா, டையோடா?

இந்தப் பெட்டிகளின் டயல் பல்பில் ஒரு வகை, கண்ணாடி ஃப்யூஸ் போலவே நீள்குழலாக இரு முனையிலும் உலோகத் தொப்பியுடன் இருக்கும். 8 வோல்ட், கால் ஆம்பியர் அளவில் வரும். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் அவசரத்தில் ஃப்யூஸை விளக்குப் பிடியில் செருகிவிட்டால் மின்மாற்றியின் சுற்று நேரே குறுக்கிணைப்பாகிவிடும். உள்ளே இழை சுருளாக இருக்கிறதா, நேர்க்கம்பியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே செருக வேண்டும். ஒளி குறைவாக இருக்கிறதென்று அதிக ஆம்பியர் பல்பைப் போடுவதும் தவறு. ஐந்து பல்புகளே 10 வாட்டு வெப்பத்தைத் தருகின்றன. அதைக் கூட்டினால் பின்னாலுள்ள பிளாஸ்டிக் வளையும், டயலின் வண்ணம் கருகும்.

சரியான பல்பு கிடைப்பது இன்று அரிதாகிவிட்டதால் பலரும் ஒளி உமிழ் டையோடை நாடுகிறார்கள். இதற்கும் வானொலிக்கும் பழைய உறவு உண்டு. 1907இல் எச். ஜே. ரவுண்டு என்ற பொறியியலர், வானொலி அலைகளை உணரப் பயன்படும் படிகங்களை ஆராயும்போது, கார்போரண்டம் படிகத்தில் மின்சாரம் பாய்ச்சினால் மங்கிய ஒளி தோன்றுவதைக் கண்டு எழுதினார். கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு டையோடை 1962இல் நிக் ஹோலன்யாக் ஆக்கினார். 1990களில் பிரகாசமான நீல டையோடு வந்து, அதன்மேல் ஒளிர்பூச்சு பூசி வெள்ளை ஒளியும் கிடைத்தது. அகசாகி, அமானோ, நக்கமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

டையோடு இழை விளக்கின் இடத்தில் அப்படியே அமராது. அதற்கு ஒரு திசை மின்னோட்டம் வேண்டும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தத் தடையும் வேண்டும். 8 வோல்ட் மாறுமின்னோட்டச் சுற்றில் பாலத் திருத்தியும் மின்தேக்கியும் வைத்தால் சுமார் 10 வோல்ட் நேரழுத்தம் கிடைக்கும். வெள்ளை டையோடு 3 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 7. அதில் 15 மில்லி ஆம்பியர் மட்டும் செல்ல, 470 ஓம் தடை பொருத்தம். பால் ஆடை போன்ற ஒளிபரப்பும் தாளைப் பெட்டிக்குள் முன்பே வைத்திருப்பார்கள். அதைக் கழற்றாமல் இருந்தால் டையோடின் கூரிய ஒளி பரவலாகும்.

நிறத்தில்தான் ஏமாற்றம். நீல டயல் உள்ள பெட்டிகளில் நீலத் தகட்டின் பின்னே இழை விளக்கு இருக்கும். இழையின் ஒளியில் நீலம் குறைவு, பச்சை சற்று அதிகம். ஆகவே தகட்டைக் கடந்து வருவது மயில்கழுத்து நிறம். அதே தகட்டின் பின்னே வெள்ளை டையோடை வைத்தால், அதன் அடிப்படையே நீல ஒளியாதலால், டயல் அடர்நீலமாகிக் கண்ணைக் குத்தும். மஞ்சள் சாயலுள்ள வெள்ளை டையோடு ஓரளவு பழைய நிறத்தைத் தரும், முழுதும் தராது. என் கருத்தில், டயலுக்குச் சரியான பல்பு கிடைக்கும்வரை தேடுவதே மேல். எளிதில் எட்டாத மூலையில் உள்ள நெல்மணிப் பல்புகளுக்கு மட்டும் டையோடு போடலாம். செவ்விளக்குக்குப் பழைய சிவப்பு டையோடே போதும். ஆனால் ஸ்டீரியோவைப் பிரிக்கும் சில்லு அதை நேரே இயக்குகிறதா என்று சுற்றுப்படத்தைப் பார்க்க வேண்டும். பல்பை எதிர்பார்த்து அமைத்த இடத்தில் தடை இல்லாமல் டையோடைப் போட்டால் டையோடு உடனே போகும், சில்லும் போகலாம்.

வால்வுச் சங்கிலியில் உள்ள டயல் பல்புக்கு டையோடு அறவே ஆகாது. அங்கே பல்பு மின்னோட்டத்தைச் சுமக்கும் உறுப்பு; 15 மில்லி ஆம்பியர் டையோடு அந்தப் பாரத்தைத் தாங்காது, பாரம் வால்வின் மேல் விழும்.

மத்திய அலை கேட்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இழை விளக்கு அமைதியான பொருள். இறுகப் பொருந்தியிருந்தால் வானொலியில் எந்தச் சத்தமும் எழுப்பாது. டையோடுக்காகப் புதிதாகச் சேர்த்த திருத்தி ஒவ்வொரு சுழற்சியிலும் திறந்து மூடும்போது, மத்திய அலையில் ஒரு ரீங்காரம் கிளம்பக் கூடும். திருத்தியின் ஒவ்வொரு டையோடுக்கும் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.